புகார் கொடுத்தும் வேலை நடக்கவில்லையா? எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் வழி

எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை பொங்கி, கடைசி மூன்று வீட்டு வாசலில் குளமாக நின்றது. நான் ஏழு மனு எழுதினேன். ஏழும் ஒரே அலுவலகத்துக்கு. ஏழாவது மனுவை வாங்கிய எழுத்தர் அம்மா, சீல் வைப்பதற்கு முன் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "சார், இது மழைத்தண்ணி கால்வாயா, டிரெயினேஜா? டிரெயினேஜ்னா எங்ககிட்ட லைனே கிடையாதே. அந்த ஆபீஸ்ல குடுங்க." அதற்குள் மூன்று மாதம் போய்விட்டது. கடைசி வீட்டுப் பாட்டி இரண்டு செங்கல்லையும் ஒரு பலகையையும் போட்டுத்தான் அதுவரை படியிறங்கிக்கொண்டிருந்தார். சரியான இடத்தில் மனு போய்ச் சேர்ந்த நாலாம் நாள் சாக்கடை அடைப்பு எடுக்கும் ஜெட்ராடிங் வண்டி வந்தது.

அதிலிருந்து யாராவது "மனு குடுத்தாச்சு, ஒண்ணும் நடக்கல" என்று வந்தால், அந்த மனு இப்போது யார் மேசையில் நிற்கிறது என்றுதான் முதலில் கேட்கிறேன். அது நின்றுபோகக்கூடிய இடங்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வெளியிலிருந்தே அறிகுறியை வைத்துச் சொல்லிவிடலாம். இங்கே சொல்பவை பெரும்பாலும் சென்னையை வைத்து. மற்ற ஊர்களில் எங்கே மாறுகிறதோ அங்கே சொல்கிறேன்.

அறிகுறி 1: "இது எங்க வேலை இல்லீங்க"

பெரும்பாலான நேரம் அவர் சொல்வது உண்மை. ஒரே தெருவில் தலைக்கு மேலே, காலுக்குக் கீழே, ஓரத்தில் என்று மூன்று நான்கு அலுவலகங்களின் சொத்து கிடக்கிறது. சென்னையில் குப்பை, தெருவிளக்கு, உட்புறச் சாலை, மழைநீர் வடிகால், கொசு, பூங்கா எல்லாம் மாநகராட்சி; 1913 என்ற தொலைபேசி எண்ணில் பதியலாம். குடிநீரும் பாதாளச் சாக்கடையும் குடிநீர் வாரியம், 1916. மின்கம்பி, பில்லர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் மின்வாரியம். அதன் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. பெரிய சாலைகளில் சில மாநில நெடுஞ்சாலைத் துறையிடமும் சில தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடமும் இருக்கின்றன. அந்தச் சாலைப் பள்ளத்தை வார்டு பொறியாளரிடம் சொன்னால் அவரால் ஒரு கூடை ஜல்லிகூடப் போட முடியாது.

சென்னைக்கு வெளியே கதை கொஞ்சம் எளிது. மற்ற மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் குடிநீரையும் பாதாளச் சாக்கடையையும் பெரும்பாலும் உள்ளாட்சியே பார்த்துக்கொள்கிறது. ஆனால் திட்ட வேலை நடந்து முடிந்து இன்னும் ஒப்படைக்காத பகுதி என்றால் கட்டிக்கொடுக்கும் வாரியத்திடம்தான் போக வேண்டும். "ஒப்படைச்சாச்சா?" என்ற ஒரு கேள்வி பல மாதங்களை மிச்சப்படுத்தும்.

சாக்கடையா மழைநீர் வடிகாலா என்ற குழப்பம்தான் அதிகம். மூடியைப் பாருங்கள். சாலையின் நடுவில் வட்டமாக இருந்தால் அது சாக்கடை மேன்ஹோல். சாலையோரம், நடைபாதைக்கு அடியில், சதுரமாகவோ நீளமாகவோ சிலாப் போட்டு, பக்கத்தில் தண்ணீர் இறங்கக் கம்பித் துவாரம் இருந்தால் அது மழைநீர் வடிகால். மழையே இல்லாத மாதத்தில் அந்த ஓர வடிகாலில் கறுப்புத் தண்ணீர் ஓடினால், யாரோ வீட்டுக் கழிவை அதில் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அப்போது இரண்டு அலுவலகத்துக்கும் எழுத வேண்டும்: இணைப்பைத் துண்டிக்க ஒன்று, முறையான சாக்கடை இணைப்பு கொடுக்க இன்னொன்று. ஒன்றை மட்டும் செய்தால் மறு வாரமே திரும்பி வரும்.

வேறு துறை என்று வாயால் சொன்னால் போதாது. மனுவின் மேலேயே "எங்கள் எல்லைக்கு உட்பட்டதல்ல" என்று எழுதி, தேதி போட்டுத் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளின் நகலோடு அடுத்த அலுவலகத்துக்குப் போனால், அவர்கள் உங்களைத் திருப்பி அங்கேயே அனுப்ப முடியாது.

அறிகுறி 2: "உங்கள் புகார் முடிக்கப்பட்டது" என்று எஸ்.எம்.எஸ். வருகிறது, குப்பை அப்படியே கிடக்கிறது

இதைப் பார்த்ததும் வயிறு எரியும். ஆனால் கோபத்தோடு இரண்டாம் புகார் எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் பொறுத்து, எதனால் மூடினார்கள் என்று பாருங்கள்.

தெருப் பெயர் குழப்பமா? பிள்ளையார் கோயில் தெரு, காந்தி தெரு, முதல் குறுக்குத் தெரு என்ற பெயர்கள் ஊர் முழுக்க இருக்கின்றன. 200 வார்டு உள்ள மாநகராட்சியில் வார்டு எண்ணும் பின்கோடும் இல்லாத புகார் வேறொரு காந்தி தெருவுக்குப் போய், அங்கே குப்பை இல்லை என்று பார்த்து மூடப்பட்டிருக்கலாம். பாதி வேலையா? லாரி வந்து மேலே கிடந்ததை அள்ளிக்கொண்டு, அடியில் இருந்த கட்டட இடிபாட்டை விட்டுப் போயிருக்கும். வீட்டுக் குப்பையும் இடிபாடும் ஒரே வண்டியில் போவதில்லை. உங்கள் புகாரில் "குப்பை" என்று மட்டும் இருந்தால் அவர்கள் கணக்கில் வேலை முடிந்துவிட்டது.

அடுத்தது, ஒரே புகாரில் நாலு விஷயம். "எங்கள் பகுதியில் சாலை, குப்பை, தெருவிளக்கு, கொசு எல்லாமே மோசம், உரிய நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால் கொசு மருந்து அடித்துவிட்டு மொத்தத்தையும் மூடிவிடலாம். இப்படி எழுதிப் பாருங்கள்:

"வார்டு எண் இது, மூன்றாவது குறுக்குத் தெரு, 14ஆம் எண் வீட்டுக்கு எதிரே உள்ள கம்பம், கம்ப எண் இது. பிப்ரவரி 3 முதல் விளக்கு எரியவில்லை. இருபுறமும் உள்ள அடுத்த விளக்குகள் எரிகின்றன."

கடைசி வரியைக் கவனியுங்கள். ஒரு விளக்கு மட்டும் அணைந்தால் பல்போ கம்பத்து இணைப்போ. வரிசையாக அணைந்தால் சுவிட்ச் பெட்டியோ கேபிளோ. எதை எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று லைன்மேனுக்கு அந்த வரியிலேயே தெரிந்துவிடும். வெறுங்கையோடு வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டியதில்லை.

இதில் எதுவுமில்லாமல் நிஜமாகவே பொய்யாக மூடியிருந்தால், பழைய புகார் எண்ணைச் சொல்லிப் புதிதாகப் பதியுங்கள். எஸ்.எம்.எஸ். வந்த நாளுக்குப் பிறகு எடுத்த படத்தையும் சேருங்கள். படத்தில் அன்றைய நாளிதழின் முதல் பக்கம் தெரிந்தால் தேதியைப் பற்றி யாரும் வாயெடுக்க முடியாது. பிறகு இரண்டு எண்களையும் போட்டு மண்டல அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம். நேரில் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். தபால் என்றால் போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் விரைவுத் தபால். சீல் இல்லாத நகல் பிற்பாடு எதற்கும் உதவாது.

அறிகுறி 3: சாக்கடை அடைப்பு எடுத்தபின் இரண்டே வாரத்தில் திரும்பப் பொங்குகிறது

அடைப்பு எடுக்கிறார்கள், பொங்குகிறது, மறுபடி எடுக்கிறார்கள். இந்தச் சுற்றில் மாட்டினால் "அடைப்பு எடுங்கள்" என்று எழுதுவதை நிறுத்திவிட்டு, எப்போது, எங்கே பொங்குகிறது என்பதை எழுதுங்கள்.

ஒரு நோட்டை எடுத்துப் பத்து நாள் குறித்து வையுங்கள். காலை ஆறு முதல் ஒன்பது வரை மட்டும் பொங்கினால், எல்லா வீட்டிலும் தண்ணீர் புழங்கும் நேரத்துக்குக் குழாயின் கொள்ளளவு போதவில்லை என்று பொருள். அல்லது கீழே பம்பிங் ஸ்டேஷனில் எடுக்கும் வேகம் குறைவு. மழை பெய்தால் மட்டும் பொங்கினால், மொட்டைமாடித் தண்ணீரை யாரோ சாக்கடையில் விட்டிருக்கிறார்கள். நேரம் காலம் இல்லாமல் பொங்கினால் குழாய் உடைந்தோ மண் அடைத்தோ கிடக்கிறது. எங்கள் நோட்டில் பத்து நாளும் ஒரே மேன்ஹோல் நிரம்பியிருந்தது. அதற்கடுத்த பள்ளத்து மேன்ஹோல் பக்கம் ஒரு சொட்டுக்கூட எட்டிப் பார்க்கவில்லை. இரண்டுக்கும் நடுவில்தான் கோளாறு என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். இதையே வரைபடமாக ஒரு தாளில் வரைந்து, மேன்ஹோல்களுக்கு நாங்களே 1, 2, 3 என்று எண் போட்டுக் கொடுத்தோம். தோண்டிப் பார்த்தபோது 2க்கும் 3க்கும் நடுவில் பழைய கல்நார்க் குழாய் ஒரு முழம் நீளத்துக்கு உள்ளே நொறுங்கிக் கிடந்தது.

வெளியிலிருந்து பார்த்தே எல்லாவற்றையும் குறியுங்கள். மூடியைத் திறக்கவே கூடாது. அவசரம் என்று சொல்லி யாரையும் காசு கொடுத்து உள்ளே இறக்கவும் கூடாது. ஐந்நூறு ரூபாய்க்கு வந்து இறங்குகிறவர் மீண்டு வராமல் போன செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம். மனிதக் கழிவைக் கையால் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடு எதுவுமில்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். தனி ஆளும் இதில் மாட்டுவார், சங்கச் செயலாளரும் மாட்டுவார். சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. ஒப்பந்தக்காரர் உங்கள் தெருவிலேயே ஆளை இறக்கினால், அங்கேயே நின்று தடுங்கள். வண்டி வரும்வரை இன்னும் இரண்டு நாள் நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அறிகுறி 4: குழாய்த் தண்ணீரில் நாற்றம்

முதலில் குடிப்பதை நிறுத்துங்கள். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். பிறகு இரண்டு சுத்தமான பாட்டில்: தண்ணீர் விட்டதும் வரும் முதல் நீரை ஒன்றில், அரைமணி கழித்து வருவதை இன்னொன்றில் பிடித்து நேரத்தை ஒட்டி வையுங்கள். முதலில் மட்டும் நாறிப் பிறகு தெளிந்தால், உங்கள் இணைப்புக் குழாயோ தெருவின் சின்னக் குழாயோ சாக்கடையை ஒட்டி எங்கோ ஒழுகுகிறது. தண்ணீர் வராத நேரத்தில் அழுக்கு உள்ளே போகிறது. கடைசிவரை நாறினால் பெரிய குழாயில் கோளாறு. பக்கத்து வீடுகளில் கேட்டு, எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை என்று எல்லையைக் குறியுங்கள். குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடு நடுவில் இருந்தால், அந்த இழுப்பே அழுக்கை உள்ளே கொண்டுவரும். அக்கம்பக்கம் மனத்தாங்கல் வந்தாலும் அதை மனுவில் எழுதத்தான் வேண்டும். யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்திருந்தால் மாநகராட்சி சுகாதார அலுவலருக்கும் அதே நாளில் தெரிவியுங்கள்.

அறிகுறி 5: சாலை போட்டார்கள், வீடு பள்ளமாகிவிட்டது

வாசலில் மூன்று படி இருந்த வீடு. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு தார் அடுக்கு. இப்போது அரைப் படிதான் மிச்சம், மழை பெய்தால் தெருத் தண்ணீர் கூடத்துக்கு வருகிறது. இதற்கு மருந்து, பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே உயரத்தில் புதிதாகப் போடுவது, மில்லிங் என்பார்கள். 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டிய பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று துறைகளுக்கு எழுதினார். அதைச் சுட்டிக்காட்டலாம்.

ஆனால் தார் கொட்டியபின் எழுதும் மனு வீண். ஜல்லி வந்து இறங்கும் நாளிலாவது போக வேண்டும்; டெண்டர் நிலையிலேயே போனால் இன்னும் நல்லது. பணி ஆணையில் மில்லிங் இருக்கிறதா, எத்தனை மில்லிமீட்டர் என்று உதவிப் பொறியாளரிடம் கேளுங்கள். வேலை தொடங்கும் முன் வாசற்படியின் மேல்மட்டத்திலிருந்து சாலை வரை டேப் வைத்து அளந்து, அளவு தெரியப் படம் எடுங்கள். மில்லிங் செய்ததாகப் பணம் வாங்கிவிட்டுச் செய்யாமல் விட்டிருந்தால், அந்தப் படத்தையும் அளவுப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். செய்த வேலையின் நீளம், அகலம், கனம் எல்லாம் பொறியாளர் கையால் எழுதப்படுவது அந்தப் புத்தகத்தில்தான். அலுவலகத்தில் எம்-புக் என்றால் எல்லோருக்கும் தெரியும். அதை எப்படி வாங்குவது என்று எட்டாம் அறிகுறியில் சொல்கிறேன்.

போட்ட சாலை ஒரு மழையிலேயே பெயர்ந்தால், புதுச் சாலை கேட்காதீர்கள். ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று இருக்கும். அதற்குள் பெயர்ந்தால் ஒப்பந்தக்காரரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும். அந்தக் காலம் முடிவதற்குள் உங்கள் கடிதம் போய்விட்டதா என்பதுதான் கேள்வி.

அறிகுறி 6: பக்கத்து மனையில் விதிமீறிக் கட்டுகிறார்கள், யாரும் கேட்கவில்லை

இதில் நேரம்தான் எல்லாம். அஸ்திவாரம் போடும்போது போகும் மனுவுக்கு இருக்கும் வலு, மூன்றாம் தளத்துக்கு ஆள் குடிவந்தபின் போகும் மனுவுக்கு இல்லை.

முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அவர் சுவர் உங்கள் நிலத்துக்குள் அரையடி வந்துவிட்டது என்பது எல்லைத் தகராறு. அதற்கு நில அளவையரும் உரிமையியல் நீதிமன்றமும். பக்கவாட்டில் விட வேண்டிய இடம் விடவில்லை, அனுமதித்ததற்கு மேல் ஒரு தளம் போகிறது, வாகன நிறுத்தத்தைக் கடையாக்கிவிட்டார்கள் என்பதுதான் உள்ளாட்சியின் வேலை. மனையில் அனுமதி விவரப் பலகை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அனுமதி எண்ணைக் குறித்து, ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கேட்டு மனு. பலகையே இல்லையென்றால் அதுவே உங்கள் முதல் வரி.

1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளின் கீழ் வேலையை நிறுத்தவும், கட்டியதை அகற்றவும் அறிவிப்பு கொடுக்கும் அதிகாரம் இருக்கிறது. அறிவிப்பு போனபின் அமைதியாகிவிட்டால், கட்டியவர் 80-ஏ பிரிவில் அரசிடம் மேல்முறையீடு செய்திருக்கக்கூடும். கோப்பு அங்கே போய்விட்ட பிறகு வார்டு அலுவலகத்தில் தினமும் போய் நின்று பயனில்லை. மேல்முறையீட்டின் எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்கி, பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும் என்று வீட்டுவசதித் துறைக்கு எழுதுங்கள்.

அறிகுறி 7: வாரியக் குடியிருப்பில் சுவர் விரிகிறது, லிஃப்ட் நிற்கிறது

1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பின் வீடுகளில் இருப்பவர்களைத்தான் அதிகமாக அலைக்கழிக்கிறார்கள் என்பது என் எண்ணம். கட்டடம், லிஃப்ட், தண்ணீர் மோட்டார் எல்லாம் வாரியம். வாசலுக்கு வெளியே உள்ள குப்பையும் விளக்கும் உள்ளாட்சி. அந்த உள்ளாட்சி எது என்பதே இடத்துக்கு இடம் மாறுகிறது. கண்ணகி நகர் சென்னை மாநகராட்சிக்குள் வருகிறது; சற்றுத் தள்ளியிருக்கும் பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஊராட்சி. அங்கே 1913க்குப் பேசி என்ன பயன்?

விரிசல் விஷயத்தில் மட்டும் வரிசைமுறை எதையும் பார்க்காதீர்கள். பூச்சில் தலைமுடி போல ஓடும் கோடு வேறு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், திடீரென மூட மறுக்கும் கதவு, கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும் தளம், இரவில் சடசடக்கும் ஓசை ஆகியவை வேறு. விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தால் அன்றே வாரியத்தின் செயற்பொறியாளருக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். ஓசை கேட்டால் சொல்வதெல்லாம் பிறகு. முதலில் எல்லோரையும் எழுப்பி வெளியேற்றுங்கள். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பு ஒன்று இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்பே வெளியே வந்துவிட்டதால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அங்கே யாரும் பதில் கடிதத்துக்காகக் காத்திருக்கவில்லை.

கட்டுமானத் தரம் பற்றிய புகாருக்கு "நீங்க ஆணி அடிச்சிருப்பீங்க" என்று பதில் வரும். அதே ஆண்டு ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி.பார்க் குடியிருப்பில், கையால் தொட்டாலே சிமென்ட் பூச்சு உதிர்வதைப் படமெடுத்து வெளியே காட்டினார்கள். அதன் பிறகு சென்னை ஐ.ஐ.டி. குழு வந்து தரத்தைச் சோதித்தது. ஒரு வீட்டை மட்டும் காட்டினால் அது அந்த வீட்டுக்காரரின் தவறு என்பார்கள். பத்து வீட்டில் ஒரே மாதிரி எடுத்த பத்துப் படம் இருந்தால் அப்படிச் சொல்ல வழியில்லை.

அறிகுறி 8: பதிலே இல்லை

30 நாள் பாருங்கள். மனு வந்து 3 நாளுக்குள் ஒப்புகை, 30 நாளுக்குள் தீர்வு அல்லது பதில் என்று அரசாணையே இருக்கிறது: பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை, எண் 99, நாள் 21.09.2015. நினைவூட்டல் கடிதத்தில் இந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம். கட்டணம் 10 ரூபாய்; நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினாலே போதும்.

கேட்கும் விதம்தான் முக்கியம். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால், "வினா வடிவில் உள்ளதால் தகவல் அளிக்க இயலாது" என்று ஒரு வரிப் பதில் வரும். இருக்கும் ஆவணத்தைக் கேளுங்கள்:

"இந்தத் தேதியிட்ட எனது மனு எந்தப் பதவியில் உள்ள அலுவலரிடம் எந்தத் தேதியில் ஒப்படைக்கப்பட்டது என்ற விவரம், அவர் தள ஆய்வு செய்த அறிக்கையின் நகல், புகாரை முடித்துவைத்த குறிப்பின் நகல், இந்தத் தெருவில் கடந்த மூன்று ஆண்டுகளில் நடந்த சாலைப் பணியின் பணி ஆணை, அளவுப் புத்தகப் பக்கங்கள் ஆகியவற்றின் நகல்."

நான் பார்த்தவரை, இந்த விண்ணப்பம் போன வாரமே வேலை தொடங்கிய தெருக்கள் உண்டு. தள ஆய்வு அறிக்கை கேட்டால், தளத்துக்குப் போய்த்தானே அறிக்கை எழுத வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் கவலையில்லை; 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். எது யார் வேலை என்று புரியாத விஷயத்துக்கு இந்தப் பிரிவைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

முதல்வரின் முகவரி என்ற அரசின் குறைதீர் பிரிவு, 1100 என்ற தொலைபேசி எண், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள் எல்லாமும் இருக்கின்றன. ஆனால் அங்கே கொடுக்கும் மனு கடைசியில் அதே உதவிப் பொறியாளர் மேசைக்குத்தான் இறங்கி வரும். பழைய மனுவின் எண், சீல் வைத்த நகல், தேதிப் படங்கள் கூடவே போனால்தான் அவரால் முதலிலிருந்து தொடங்க முடியாது. அலட்சியம் தாண்டி, பணம் கேட்டார்கள், செய்யாத வேலைக்குப் பில் போட்டார்கள் என்ற சந்தேகம் ஆவணத்தோடு இருந்தால், உள்ளாட்சி முறைகேடுகளை விசாரிக்க 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவரிடம் போகலாம்.

அறிகுறி 9: "செய்யலாம், ஆனா ஃபண்ட் இல்ல"

இதற்கு 1980லேயே பதில் வந்துவிட்டது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் ஊரில் ஒரு வார்டு மக்கள், திறந்த சாக்கடையையும் ஆலைக் கழிவையும் பொறுக்க முடியாமல் 1972இல் கோட்ட நடுவரிடம் போனார்கள். நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை போய், பணமில்லை என்று வாதாடியது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. பணமில்லை என்று சொல்லிச் சட்டக் கடமையிலிருந்து நகராட்சி நழுவ முடியாது என்று தீர்ப்பானது. ஒரு வார்டுக்காரர்கள் சேர்ந்து போட்ட மனுதான் அது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் தெம்பு வரும். அவர்கள் பயன்படுத்திய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 152ஆம் பிரிவாக இருக்கிறது. பொதுத்தொல்லையை அகற்றக் கோரிக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

அதற்கு முன் அலுவலகத்தில் கேட்க வேண்டியது ஒன்று: எஸ்டிமேட் போட்டாச்சா? எஸ்டிமேட், மன்றத் தீர்மானம், டெண்டர், பணி ஆணை என்ற வரிசையில் எங்கே நிற்கிறது? எஸ்டிமேட்டே போடாத வேலைக்கு யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள். எஸ்டிமேட் தொகை தெரிந்தால் கவுன்சிலரிடமும் எம்.எல்.ஏ.விடமும் பேச முடியும். தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். பூங்காவுக்கோ சமுதாயக் கூடத்துக்கோ அது நல்ல வழி. சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் வசூல் செய்யச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதற்குத்தான் சொத்துவரியும் குடிநீர் வரியும் கட்டுகிறோம்.

அறிகுறி 10: நான் ஒருவன்தான் அலைகிறேன்

தெருவில் எல்லோரும் "நீங்க பாத்துக்குங்க சார்" என்று ஒதுங்கிவிட்டார்கள். வாடகைக்கு இருப்பவர்கள், நமக்கு உரிமை இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். சாக்கடை யார் வாசலில் நிற்கிறதோ அவர் மனு கொடுக்கலாம். பத்திரம் யார் பெயரில் என்று யாரும் கேட்கப்போவதில்லை. பெயர் வெளியே தெரிந்தால் வம்பு என்ற பயம் சிலருக்கு உண்டு, அது நியாயமான பயம். அப்படிப்பட்ட மனுவில் பதினைந்து இருபது கையெழுத்து வட்டமாக இருக்கட்டும், முதல் பெயர் என்று ஒன்று தெரிய வேண்டாம்.

கிராமமாக இருந்தால் கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே தீர்மானம் எழுதும்போது "சாலை சீரமைக்க" என்று விடாமல், எந்தத் தெரு, எங்கிருந்து எங்கே வரை என்று எழுதவைத்து, தீர்மான எண்ணைக் கேட்டுக்கொண்டு எழுந்திருங்கள். நகரத்தில் பகுதி சபை: ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. கவுன்சிலரும் அலுவலர்களும் ஒரே இடத்தில் உட்காரும் நாள் அது. போன முறை எங்கள் தெருவிலிருந்து ஆறு பேர் போனோம். செங்கல்லும் பலகையும் போட்டு நடந்த அந்தப் பாட்டி, பத்து நாள் குறித்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேச அழைத்ததும் நோட்டைப் பிரித்து, தேதி தேதியாக வாசித்தார். ஐந்தாவது தேதி வருவதற்குள் பொறியாளர் தம் நோட்டை எடுத்து எழுதத் தொடங்கியிருந்தார்.